குட்டி கொழுகொழுவென்று இருக்க வேண்டாம்

சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கமிருந்து ஒரு குடும்பம் நான்கு மாத லாப்ரடார் குட்டியோடு என் கால்நடை மருத்துவமனைக்கு வந்தது. குட்டி முன்னங்காலை லேசாக விந்தியது. எடை போட்டேன்: 18 கிலோ. அந்த வயது ஆண் லாப்ரடார் 14, 15 கிலோ இருந்தாலே நல்ல வளர்ச்சிதான். என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டதும், ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி கைப்பையைத் திறந்து ஒரு கால்சியம் சிரப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "தெனம் ரெண்டு மூடி குடுக்கிறேன்மா. இவ்ளோ பெரிய உடம்பைத் தாங்கணும்ல? எலும்பு கெட்டியாகட்டும்னுதான்."

இப்படியொரு பாட்டிலை அடிக்கடி பார்க்கிறேன். சில சமயம் சிரப், சில சமயம் மாத்திரை, சில வீடுகளில் மீன் எண்ணெயும் சேர்ந்து வரும். கொடுப்பவர்கள் எல்லாரும் பாசத்தில் கொடுப்பவர்கள். பாட்டியின் கணக்கும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய இனக் குட்டியின் உடம்பு அந்தக் கணக்கில் ஓடுவதில்லை.

வளர்ந்த நாயின் குடல் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். குட்டிக்கு ஏறக்குறைய ஆறு மாதம் வரை அந்தக் கதவு சரியாக மூடாது. கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். எலும்பின் நுனியில் இருக்கும் குருத்தெலும்பு நேரத்துக்கு எலும்பாக மாறினால்தான் கால் நேராக நீளும். சுண்ணாம்புச் சத்து மிதமிஞ்சினால் அந்த மாற்றம் தடைப்படும். குருத்தெலும்பு தடித்து, உள்ளே ஊட்டம் போகாமல் நலிந்து, கடைசியில் விரிசல் விடும். தோள்மூட்டிலும் முழங்கையிலும்தான் இது அதிகம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதைச் சோதித்துக் காட்டினார்கள். எலும்பைக் கெட்டியாக்கக் கொடுத்ததே எலும்பைக் கோணலாக்கியது.

பாட்டி விடவில்லை. "எங்க வீட்ல ராஜபாளையம் இருந்துச்சு. பழைய சோறும் கறித்துண்டும் தின்னே குதிரை மாதிரி நின்னுச்சு." நியாயமான பேச்சு. ஆனால் அந்த ராஜபாளையத்துக்கு யார் சிரப் கொடுத்தார்கள்? அது நாள் முழுக்க மண் தரையில் ஓடியது, விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தது. நம் குட்டி வழுக்கும் பளிங்குத் தரையில், குளிர்சாதன அறையில், ஐந்து பேர் ஐந்து கையால் ஊட்ட வளர்கிறது.

சோறும் கோழியும் மட்டுமே கொடுத்தால் சரியாகிவிடுமா என்றால், அது எதிர்ப்பக்கத்துப் பள்ளம். இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இரத்தத்தில் குறைவதை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்தே அதைக் கரைத்து எடுக்கும். சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சமைத்துத்தான் போடுவேன் என்பவர்கள், குட்டிக்காலத்தில் மட்டுமாவது கால்நடை ஊட்டச்சத்து நிபுணரிடம் அளவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு வழி சுலபம்: பெரிய இனக் குட்டிகளுக்கென்றே செய்த உணவு. பையின் பின்புறம் பொடி எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ, அதற்கு மேல் வரும் நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் அளவுகோல் அது. அத்தகைய உணவில் சுண்ணாம்புச் சத்து, ஈரம் நீக்கிய எடையில் 1.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மற்ற நாய் உணவுகளுக்கு 2.5 வரை அனுமதி உண்டு. "ஈரம் நீக்கிய" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். டின் உணவில் 0.35 விழுக்காடு என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதில் 78 விழுக்காடு தண்ணீர் என்றால், தண்ணீரைக் கழித்த கணக்கில் அது 1.6க்குக் கிட்டே வந்துவிடும். இந்த உணவின்மேல் கால்சியமோ மீன் ஈரல் எண்ணெயோ ஒரு சொட்டும் வேண்டாம். ஈரல் எண்ணெயில் இருக்கும் வைட்டமின் டி, அளவு மீறினால் நஞ்சு.

அடுத்தது எடை. இதைச் சொல்லும்போதுதான் முகங்கள் சுருங்கும். "பசியோட பாக்குது டாக்டர்" என்பார்கள். லாப்ரடார் எப்போதுமே பசியோடுதான் பார்க்கும், அது அதன் தொழில். 2002ல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாக, குட்டியிலிருந்து வாழ்நாள் முழுவதும் உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. இடுப்பு மூட்டுக் கோளாறும் மூட்டுத் தேய்மானமும் மெலிந்த நாய்களுக்குக் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன. ஏறக்குறைய இரண்டு வருட ஆயுளைத் தரும் மருந்து எதுவும் என் அலமாரியில் இல்லை.

எடைத்தட்டு இல்லாமலே வீட்டில் பார்க்கலாம். கையை விரித்துப் புறங்கையின் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். குட்டியின் விலாவும் அப்படித்தான் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் பருமன். கையை முஷ்டியாக மடக்கி, விரல்மூட்டுகளைத் தொடுவதுபோல் துருத்தினால் மெலிவு. மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும்.

சிங்கப்பூர் வீடுகளில் உண்மையான சிக்கல் அளவு அல்ல, ஆட்கள். பணிப்பெண் காலையில் கொடுப்பார், தாத்தா தன் ரொட்டியில் பாதி, பள்ளிவிட்டு வரும் பிள்ளை பிஸ்கட். மூன்று பேரும் "நான் கொஞ்சம்தான் கொடுத்தேன்" என்று சத்தியம் செய்வார்கள், மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஒரு வழி பலிக்கிறது: காலையிலேயே அன்றைய உணவை எடைபோட்டு ஒரு டப்பாவில் வையுங்கள். யார் எதைக் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் கடையடைப்பு. ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட் கூடாது. குழம்பில் வெந்த கோழி எலும்பு ஊசியாய் உடையும். தீபாவளி வாரத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இவைதான்.

நடைப்பயிற்சிக்கு "வயதில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஐந்து நிமிடம்" என்று ஒரு சூத்திரம் எல்லாரிடமும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரமான ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. நார்வேயில் லாப்ரடார், நியூஃபவுண்ட்லேண்ட் உட்பட நான்கு பெரிய இனங்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள் கண்டது வேறு. மூன்று மாதத்துக்குள் படிக்கட்டில் ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். மேடுபள்ளமான மென்தரையில் வாரின்றித் தன்னிஷ்டம்போல் ஓடிய குட்டிகளுக்குக் குறைவு. ஆகவே மூன்று மாடித் தரைவீட்டுக்காரர்கள் படிக்கட்டுக்கு ஒரு தடுப்புக்கதவு போடுங்கள். பளிங்குத் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். தடுப்பூசிகள் முடிந்ததும் பீஷான்–அங் மோ கியோ பூங்காவின் நாய் ஓட்டத்திடல் போன்ற புல்தரைக்குக் கூட்டிப் போங்கள். பந்தை எறிந்து எறிந்து சடாரென்று திரும்ப வைக்கும் விளையாட்டும், காரிலிருந்து குதிப்பதும் எலும்பு முதிரும்வரை வேண்டாம். பெரிய இனங்களுக்கு அது ஒன்றேகால், ஒன்றரை வயது வரை ஆகும். எல்லாமே வெயிலுக்கு முன்னும் பின்னும்தான். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அது பாதிதான் வேலை செய்கிறது.

தடுப்பூசித் தொடரின் கடைசி ஊசி 16 வாரத்தில் விழும். ஆனால் உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் பருவம் 12, 14 வாரத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். ஊசி முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால், 35 கிலோவில் இடியோசைக்கும் மின்தூக்கிக்கும் நடுங்குகிற நாய் கிடைக்கும். தூக்கியோ தள்ளுவண்டியில் வைத்தோ வெளியே காட்டுங்கள், தரையில் விடாமல். தள்ளுவண்டியைப் பார்த்துச் சிரிக்கும் மாமாக்களைப் பொருட்படுத்த வேண்டாம். உண்ணிக்கும் கொசுவால் வரும் இதயப்புழுவுக்கும் மாதாந்திர மருந்தை எட்டு வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.

சட்டப்படி, மூன்று மாதம் ஆனதும் விலங்குகளுக்கான அரசு அமைப்பான ஏவிஎஸ்ஸின் உரிமம் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் லாப்ரடார், கோல்டன் போன்றவற்றுக்கு அனுமதி இல்லை. கருத்தடை செய்த நாய்க்குக் கட்டணம் குறைவு என்பதால் பலர் ஆறு மாதத்திலேயே செய்யச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். பெரிய இனத்துக்கு நான் பொறுத்திருக்கச் சொல்வேன். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கோல்டன் ரிட்ரீவர்களை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டதில், ஒரு வயதுக்குள் கருத்தடை செய்த ஆண்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு, செய்யாதவற்றைப்போல் இருமடங்கு. பெண் நாய்க்குக் கருப்பைத் தொற்று, மார்புக் கட்டி பற்றிய கணக்கும் உண்டு. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

பாட்டி கொண்டுவந்த குட்டிக்கு எக்ஸ்ரே எடுத்ததில் தோள்மூட்டில் சிறு மாற்றம் இருந்தது. சிரப்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பரம்பரைக்கும் எடைக்கும் அதில் பங்குண்டு. சிரப்பை நிறுத்தி, உணவைக் குறைத்து, ஆறு வாரம் ஓட்டம் இல்லாமல் வைத்தோம். விந்தல் போய்விட்டது. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை, சிலருக்கு அறுவை சிகிச்சைவரை போகிறது. வளரும் குட்டி ஒரு நாளுக்கு மேல் விந்தினால் "வளர்ச்சி வலி" என்று காத்திருக்காமல் கூட்டி வாருங்கள். வரும்போது உணவுப் பையின் பின்புறத்தையும் படம் எடுத்து வாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் பாட்டில்களையும்.