எட்சிங் வாங்கும் முன் லென்ஸ் வைத்துப் பாருங்கள்

புதுச்சேரியில் ஒரு கண்காட்சி. என் எட்சிங் படத்தின் கீழே பென்சிலால் 4/15, அதாவது 15 பிரதிகளில் நான்காவது என்று எழுதியிருந்ததைப் பார்த்த ஒருவர், “பிரிண்ட்தானே சார், ஜெராக்ஸுக்கா இவ்வளவு விலை?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. உலோகத் தகட்டில் கோடுகளை அரித்து, மை தேய்த்துக் காகிதத்தில் அச்செடுப்பதுதான் எட்சிங். அதை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் எடுத்த பிரதியும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறக்குறைய அப்படியேதான் தெரியும்.

என்னுடைய அந்த எட்சிங், கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் வாடைக்காற்று அடித்தபோது மனதில் விழுந்த படம். மரம் என்று எதுவும் அதில் இல்லை, கோடுகள் மட்டும்தான். செப்புத் தகட்டில் மெழுகு பூசி ஊசியால் கீறினேன். கீறிய இடத்தை மட்டும் பெரிக் குளோரைடு என்ற, செம்பை அரிக்கும் ரசாயனக் கரைசல் அரிக்கும். 10 நிமிடத்தில் தகட்டை வெளியே எடுத்து, மெல்லியதாக இருக்க வேண்டிய கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி கரைசலில் விட்டேன். கடைசிவரை மூடாத கோடுகள் மொத்தம் 50 நிமிடம் அரிபட்டன. ஆழமான கோடு அதிக மை பிடிக்கும். இலேசாகத் தொடங்கும் காற்று தோப்பையே சாய்ப்பதுபோல் தெரிவது அந்த 40 நிமிட வித்தியாசத்தால்தான். அப்புறம் ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டில் புதிதாக மை தேய்த்து, துணியால் துடைத்து, ஈரப்படுத்திய பருத்திக் காகிதத்தோடு பிரஸ்ஸில் ஓட்ட வேண்டும்.

சென்னை கலாக்ஷேத்ராவில் கற்பித்துவிட்டுப் பாரிஸ் போன அச்சுக்கலைஞர் கிருஷ்ணா ரெட்டி, தண்ணீரின் அசைவை 1963-இல் ‘நீர்ச்சுழல்’ அச்சில் கொண்டுவந்தார். எண்ணெய் கூடக் குறையக் கலந்த மைகளை ஒரே தகட்டில் உருட்டிப் பல வண்ணங்கள் எடுத்தவர் அவர். அதன் பிரதியைப் படமாகப் பார்த்தாலே பிரமிப்பாக இருக்கும்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? 4/15 போன்ற பிரதி எண், கையெழுத்து இவற்றை மட்டும் நம்பாதீர்கள், இங்க்ஜெட் பிரதியிலும் அவற்றைப் போடுகிறார்கள். சட்டத்திலிருந்து கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் இருக்கும். காகிதத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் ஆழமான கோடுகளில் மை மேடாக நிற்கும். தகட்டுப் பள்ளத்தைப் போலியாகவும் அழுத்தலாம். அதனால் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கோடு சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது இங்க்ஜெட். கழற்றிக் காட்ட மறுக்கும் இடத்தில் நான் வாங்கமாட்டேன்.

கடலோர வீடு என்றால் இன்னொன்று. காகிதம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் அமிலமற்ற அட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மழையில் நனைந்து ஊறும் வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம்.