கல்லறைக் கல்லைத் தேய்ப்பதற்கு முன்

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் பழைய பாப்டிஸ்ட் சிற்றாலயங்களை ஒட்டியுள்ள கல்லறைத் தோட்டங்களில் கல் பாதுகாப்புப் பணி செய்து வருகிறேன். மழையும் உறைபனியும் அங்கே செய்யும் சேதத்தைவிட, முன்னோரின் கல்லைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு வருகிறவர்களின் கம்பி பிரஷ்ஷும் ப்ளீச்சும் செய்யும் சேதமே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

இந்தத் தோட்டங்கள் உருவான காரணத்தை அறிந்தால் அந்தக் கவலை விளங்கும். பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடுபவர்களுக்கு மட்டுமே முழுக்கு ஞானஸ்நானம். ஆனால் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலோ, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கு அடக்க ஆராதனை நடத்தக் கூடாது என்று விதித்திருந்தது. வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி அந்தத் திருச்சபைக்கு வெளியே வழிபாடு நடத்துவதை 1664ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆகவே இவர்கள் கண்ணில் படாத இடங்களில் கூடி வழிபட்டார்கள். டெவனில் ஆக்ஸ்மின்ஸ்டருக்கு அருகே மலைச்சரிவில் கூரை வேய்ந்து நிற்கும் லஃப்வுட் சிற்றாலயம் அப்படிப்பட்ட ஒரு சபையின் எச்சம். 1689இல் சகிப்புச் சட்டம் வந்தபின் வெளிப்படையாக ஆலயம் கட்ட முடிந்தது என்றாலும், பங்கு ஆலய (அந்தந்த ஊருக்கான ஆங்கிலிக்கன் ஆலயம்) வளாகத்தில் ஆங்கிலிக்கன் முறை இல்லாமல் அடக்கம் செய்யும் உரிமை 1880இல்தான் கிடைத்தது. அதனால்தான் சிற்றாலயங்களை ஒட்டியே கல்லறைத் தோட்டங்கள் உருவாயின.

இதன் விளைவு ஆவணங்களில் தெரிகிறது. குழந்தை ஞானஸ்நானம் இல்லாததால் பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இக்குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியதோ 1837இல்தான். சபையின் சொந்தப் பதிவேடும் தொலைந்துபோயிருந்தால், ஒருவர் வாழ்ந்ததற்கான ஒரே சான்றாகக் கல்லே எஞ்சியிருக்கலாம். எழுத்துகளுக்குப் புதிதாக வண்ணம் தீட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1723/4 என்று இரட்டை ஆண்டு வெட்டியிருந்தால் அது கல்தச்சரின் பிழையன்று. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியதால், ஜனவரி முதல் அந்நாள் வரையிலான தேதிகளை அப்படிக் குறிக்கும் வழக்கம் இருந்தது. தயவுசெய்து திருத்தாதீர்கள்.

கல்லின் வகையை அறியாமல் கை வைப்பது ஆபத்து. சிலேட்டுக் கல்லில் இருநூறு ஆண்டுக்குப் பிறகும் எழுத்து கூர்மையாக நிற்கும். மணற்கல் அப்படியன்று, அதன் இயற்கை அடுக்குகள் செங்குத்தாக நிற்கும்படி நட்டிருந்தால், நீர் உள்ளே இறங்கி உறைந்து விரியும்போது முகப்பு முழுவதுமே தகடாகப் பிரிந்துவிடும். கண்ணுக்கு அது நல்ல கல்லாகவே தெரியும். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினால் மட்டும் வெற்றொலி வரும். அத்தகைய கல்லை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தாலும் கல்வெட்டு கையோடு வந்துவிடக்கூடும். சுண்ணாம்புக் கல்லையும் பளிங்கையும் வினிகர் போன்ற அமிலங்கள் கரைத்துவிடும். ப்ளீச் விட்டுச்செல்லும் உப்பு நுண்துளைகளில் படிகமாகி, நாளடைவில் கல்லைப் பொடியாக்கும். லைக்கன் (கல்லின் மேல் பொருக்குப்போலப் படரும் பாசி போன்ற உயிரி) படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். சுரண்டினால் கல்லின் மணிகளும் சேர்ந்தே பெயரும்.

வாசிப்பதற்குச் சுத்தம் செய்ய வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைக் கல்லின் முகப்பை ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பினால், நேர்வெளிச்சத்தில் மழமழவென்று தெரிந்த பரப்பில் எழுத்தின் பள்ளங்கள் நிழலாக எழும். இருட்டிய பிறகு டார்ச் விளக்கும் அதே வேலையைச் செய்யும். மாவு, சாக்பீஸ், ஷேவிங் நுரை எதுவும் வேண்டாம். வரி பிரித்திருக்கும் விதத்தையும் எழுத்துப் பிழையையும் உள்ளபடியே எழுதிக்கொண்டு புகைப்படம் எடுங்கள்.

சாய்ந்த கல்லை நீங்களே நிமிர்த்தி சிமென்ட் பூச வேண்டாம். சிமென்ட் கல்லைவிடக் கடினமானது; அசைவு ஏற்படும்போது உடைவது கல்லாகத்தான் இருக்கும். உள்ளே பழைய இரும்புக் கம்பி இருந்தால் அது துருப்பிடித்து வீங்கிக் கல்லைப் பிளக்கும். இவ்வேலைகளுக்குச் சபையின் அறங்காவலர்களுடைய அனுமதியும், சுண்ணாம்புக் காரையில் பழகிய கையும் தேவை. தோட்டத்தைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பு பட்டுப் பட்டு மென்கற்களின் அடிப்பகுதி அரித்துப்போவதால், கல்லைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குப் புல்லை விட்டு, அதைக் கைக்கத்தரியால் வெட்டுங்கள்.