சொல் விளக்கம்: டிஃபரென்ஷியேட்டட் இன்ஸ்ட்ரக்ஷன்

ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி அடிபடும் சொல் இது. ஒரே வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் ஒரே வேகத்தில், ஒரே விதத்தில் கற்பதில்லை. அதனால் பாடப்பொருள், சொல்லித்தரும் முறை, கற்றதைப் பிள்ளை வெளிக்காட்டும் விதம், வகுப்பறைச் சூழல் எல்லாவற்றையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வதுதான் இதன் பொருள். 1990களில் இதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கல்வியாளர் கரோல் ஆன் டாம்லின்சன். வேர், 'தனித்தனியே கொண்டுபோதல்' எனப் பொருள்படும் லத்தீன் வினை 'டிஃபெர்ரே'.

தமிழில் 'வேறுபடுத்தப்பட்ட கற்பித்தல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. 'எங்க பிள்ளைய வேறுபடுத்திப் பாக்குறாங்க' என்று ஓர் அம்மா பள்ளிக்கு வந்து சொன்னால் அது புகார் அல்லவா?

இந்த முறை சென்னைக்குப் புதிதும் அல்ல. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பின்பற்றி, 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிள்ளைகள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. அதில் ஆளுக்கோர் இடம். பிள்ளை, பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் 'கற்றல் ஏணி' அட்டவணையில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்கான அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு உரிய குழுவில் போய் உட்காரும். ஒரு குழுவுக்கு டீச்சர் முழுக்க உதவுவார், இன்னொன்றுக்குக் கொஞ்சம். சக மாணவர் உதவும் குழுவும் உண்டு. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். 2007-08இல் இது மாநிலம் முழுக்கப் போனது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். 'மக்கு' என்று திட்டு வாங்கி வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'நிலைக்கேற்ற கற்பித்தல்' பரவாயில்லை. ஆனால் அது பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. ஆர்வமும் கற்கும் விதமும் அதில் வரவில்லை. நன்னூல் பாடம் சொல்லும் முறையைக் கூறும் இடத்தில் 'கொள்வோன் கொள்வகை அறிந்து' என்கிறது. கொள்வகை என்றால் மாணவர் பாடத்தை வாங்கிக்கொள்ளும் விதம். மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். (அதே நூல் மாணாக்கரை அன்னம் முதல் எருமை வரை தரம் பிரிப்பதை இங்கே கடன் வாங்க வேண்டாம்.)

பாடக்குறிப்பில் 'கொள்வகை அறிந்து கற்பித்தல்' என்றே எழுதலாம், சுருக்கமாக 'கொள்வகைக் கற்பித்தல்'. பெற்றோர் கூட்டத்தில் 'பிள்ளைக்கு ஏத்த மாதிரி சொல்லித் தர்றோம்' என்றாலே போதும்.