சொல் விளக்கம்: அக்சலோட்டல்

அக்சலோட்டல் மெக்சிக்கோ நாட்டு உயிரி. தண்ணீருக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கிற ஒரு சலமந்தர், அதாவது தவளையின் வகுப்பைச் சேர்ந்த வாலுள்ள உயிரி. அறிவியல் பெயர் அம்பிஸ்டோமா மெக்சிக்கானம். நான்கு கால், நீண்ட வால், சிரிப்பதுபோன்ற வாய், தலையின் இரு பக்கமும் மும்மூன்றாக வெளியே விரிந்து நிற்கும் பூக்கள் (செவுள்). 23 முதல் 30 சென்ரிமீற்றர்வரை வளரும். ஒழுங்காக வைத்தால் 10, 15 ஆண்டு இருக்கும்.

கைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிள்ளைகள் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் பெத்தா "என்ன மனே இது, மீனா பல்லியா?" என்றுதான் கேட்பா. சரியான கேள்வி. இரண்டுமே இல்லை என்பதுதான் பதில். 'நடக்கும் மீன்' என்ற பெயரை நம்பி மீனைப்போல வைத்தால் எங்கள் வெயிலுக்கு அது தாங்காது.

சொல் நாவட்ல் மொழிக்குரியது. அஸ்தெக்குகள் பேசிய அந்த மொழி இன்றும் மெக்சிக்கோவில் உயிரோடு இருக்கிறது. 'அட்ல்' என்றால் தண்ணீர். 'ஷோலோட்ல்' ஒரு தெய்வத்தின் பெயர். இரண்டும் சேர்ந்து 'ஆஷோலோட்ல்'. ஸ்பானிய மொழியில் அது 'அஹோலோத்தே' ஆனது. நாங்கள் சொல்லும் 'அக்சலோட்டல்' ஆங்கில உச்சரிப்பின் வழி வந்தது. அந்தத் தெய்வத்துக்கு ஒரு கதை உண்டு: சூரியன் வானில் நகர்வதற்காகத் தெய்வங்கள் எல்லாம் உயிரைக் கொடுக்க வேண்டி வந்ததாம். ஷோலோட்ல் மட்டும் சாவுக்கு அஞ்சி ஓடி, முதலில் இரட்டைச் சோளப்பயிராகவும் பிறகு இரட்டைக் கற்றாழையாகவும் மாறி, கடைசியில் தண்ணீருக்குள் இறங்கி இந்த உயிரியாக ஒளிந்துகொண்டது. அங்கேதான் பிடிபட்டது. 16ஆம் நூற்றாண்டில் சகாகுன் என்ற பாதிரியார் தொகுத்தவற்றில் இந்தக் கதை இருக்கிறது.

ஷோலோட்லுக்கு நாய்முகம். அதனால் இந்தப் பெயரை 'தண்ணீர் நாய்' என்று விளக்குவார்கள். அதை அப்படியே 'நீர்நாய்' என்று தமிழாக்கக் கூடாது. எங்கள் நீர்நாய் வேறு. சங்கப் பாடல்களிலேயே வாளை மீனைப் பிடித்துத் தின்கிற பாலூட்டி அது. இலங்கையில் சலமந்தர் இனம் எதுவும் இல்லை. தவளைகளும் மண்புழுபோன்ற காலில்லாச் சிசிலியன்களும்தான். ஆகவே சலமந்தருக்கு நாட்டுப்பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. இரவல் சொல்லே போதும். வகுப்பைச் சொல்ல 'ஈரூடகவாழி' இருக்கிறது.

தமிழ்ப்பெயர் தேவையென்றால் இதன் தனித்தன்மையிலிருந்து எடுக்க வேண்டும். மாரியில் வயல் வரம்போரம் கிடக்கிற வாற்பேத்தை காலம் வந்ததும் வாலும் பூவும் இழந்து தவளையாகிக் கரையேறும். அக்சலோட்டல் அந்த உருமாற்றத்துக்குப் போவதில்லை. குடம்பிப் பருவத்து (வாற்பேத்தைபோன்ற இளம் பருவத்து) பூக்களோடேயே முதிர்ந்து முட்டையும் இடும். உருமாற்றத்தைத் தூண்டும் தைரொயிட்டு ஓமோன் போதிய அளவு சுரக்காததுதான் காரணம். எனவே 'மாறாக் குடம்பிச் சலமந்தர்' என்பதை முன்வைக்கிறேன். பேச்சில் 'மாறாக்குடம்பி' போதும். 1864இல் பாரிசுக்கு 34 அக்சலோட்டல்கள் கொண்டுபோகப்பட்டன. அவற்றின் குஞ்சுகளில் சில அடுத்த ஆண்டு பூ உதிர்த்துத் தரைச் சலமந்தராக மாறியதைக் கண்டு டூமெரில் என்ற விலங்கியலாளர் திகைத்துப்போனார். அயடீன் கொடுத்து அந்த மாற்றத்தை வீட்டில் வரவழைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. யாரும் செய்யவே கூடாத கொடுமை அது.

"மெக்சிக்கோவும் வெப்பநாடுதானே" என்று கேட்பார்கள். அதன் ஊரான சொச்சிமில்கோ ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவே 1,868 மீற்றர்தான். மாறாக்குடம்பிக்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் தண்ணீர் வேண்டும். 24ஐத் தாண்டினால் ஆபத்து. எங்கள் வீட்டுத் தொட்டியில் பங்குனி, சித்திரையில் 30 பாகை சாதாரணம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும்: 17 பாகையில் லீற்றருக்கு 9.7 மில்லிகிராம் அளவில் இருப்பது 30இல் 7.6க்கு இறங்கும். உடலோ அதே நேரத்தில் கூடுதல் ஒட்சிசன் கேட்கும். நோய்க்கிருமியும் பெருகும், கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நஞ்சும் கடுமையாகும். தொட்டிக்கு மேலே ஃபேன் போட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கலாம், வாவிக்கரை ஈரக்காற்றில் அதுவும் கிடைக்காது. ஐஸ் போத்தல் வெப்பநிலையை ஏற்றி இறக்கி இன்னும் வதைக்கும். தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் வாங்கவும், கரண்ட் போனால் அதை ஓடவைக்கவும் வழியில்லாத வீட்டில் இதை வளர்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

வழி இருப்பவர்களுக்கு மற்றவை கடினமல்ல. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உயிரி எதையும் விடாமல், சிறிது அமோனியா சேர்த்து வடிகட்டியை ஒரு மாதத்துக்கு மேல் ஓடவிட்டு, கழிவை உடைக்கும் பற்றீரியா பிடித்த பிறகே மாறாக்குடம்பியை விடவேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரீனை நீக்கியே ஊற்றுங்கள். வாவியோரக் கிணற்றுச் சவர்த்தண்ணீர் ஆகாது. மண்புழு போதுமான நல்ல உணவு. அது இரை எடுப்பதைக் கிட்ட நின்று பாருங்கள்: அசையாமல் கிடக்கும், புழு மூக்கருகே வந்ததும் வாய் சட்டென்று திறக்கும், சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் புழுவோடு உள்ளே இழுபடும். அடியில் பொடிக்கல் கிடந்தால் அதுவும் போய் வயிற்றை அடைக்கும். அதனால் வெறுந்தரை நல்லது. குஞ்சுகள் ஒன்றின் காலை மற்றது கடித்துவிடும். இழந்த கால் திரும்ப முளைக்கும் என்றாலும் தனித்தனியே வைப்பதுதான் நியாயம்.

பூக்கள் முன்பக்கமாக மடங்கினால் பெரும்பாலும் நீரோட்டம் பலம். வால்நுனி சுருண்டால், இரை மறுத்தால், முதலில் தண்ணீரின் சூட்டையும் அமோனியாவையும் அளந்து பாருங்கள். பூவில் பஞ்சுபோல வெள்ளை படர்ந்தால் பங்கசு. மெல்லிய தோல் தண்ணீரில் உள்ளதை உறிஞ்சும். ஆகவே மீனுக்கென்று விற்கிற மருந்தை ஊற்றாமல், மிருக வைத்தியரிடம் 'இது மீனில்லை, ஈரூடகவாழி' என்று சொல்லிக் கேளுங்கள்.