அஞ்சலி: சொல் விளக்கம்

இரு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழிவாக ஏந்துவதுதான் அஞ்சலி. வடசொல். அந்தக் குழிவு கொள்ளும் அளவுக்கும் அதுவே பெயர். பிறகு கைகுவித்துத் தொழுவதைக் குறித்தது. இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்பது இன்றைய வழக்கு. மலரஞ்சலியில் இரு கையாலும் பூவை ஏந்திக் காலடியில் இடுவது அந்த மூலப்பொருளுக்கு நெருக்கமானது. 

நேர்த் தமிழ் 'கைகூப்பு'. ஆனால் இடத்துக்கு ஒரு சொல் வேண்டும். சேதி கேட்டு எழுதுவது இரங்கல், உடலின் முன் நின்று செய்வது இறுதி வணக்கம், பூவிட்டால் மலர்வணக்கம், ஆண்டுதோறும் கூடுவது நினைவேந்தல். பாட்டாக வந்தால் இரங்கற்பா. பழைய துறைப்பெயர் கையறுநிலை.

கையறுநிலையின் உச்சம் தருமபுரி மண்ணுக்கே உரியது. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூறு 235. கள் கொஞ்சமே கிடைத்தால் எங்களுக்கே தருவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான். நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஒவ்வொன்றின் முடிவிலும் 'மன்னே'. 'அதெல்லாம் போயிற்றே' என்ற துயரம் அந்த இடைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' யாருக்கும் பொருந்தும். இந்தப் பாட்டு அஞ்சி ஒருவனுக்கே பொருந்தும். இப்பகுதி நடுகற்களும் அப்படித்தான்: மன்னனின் ஆட்சியாண்டு, வீரன் பெயர், எந்தப் பூசல், 'பட்டான் கல்' (அதில் இறந்தவனின் கல்). அவ்வளவே.

சமயப் பெரியவருக்கு அஞ்சலி எழுதும்போதுதான் சம்பிரதாயத் தொடர்கள் காலை வாருகின்றன. முத்தி பெற்றவர் என்று வணங்கும் குருவுக்கு 'ஆன்மா சாந்தியடையட்டும்' என்பது முரண். துறவியரைப் பெரும்பாலும் அமர்ந்த நிலையில் சமாதி வைப்பார்கள். அங்கே 'தகனம்' என்று அச்சாகக்கூடாது. சைவர் 'பரிபூரணம் எய்தினார்' என்பர், வைணவர் 'பரமபதித்தார்', கிறித்தவர் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', முஸ்லிம்கள் 'வஃபாத்தானார்'. அவரவர் வழக்கையே எழுதுங்கள்.

பட்டத்தை மடமோ திருச்சபையோ வழங்கும் வடிவிலேயே, தொடக்கத்தில் ஒருமுறை எழுதினால் போதும். அது முறைமை, அதை விடக்கூடாது. அடுத்த வரியில் அவர் செய்த ஒரு செயல் வரட்டும். வறட்சியாண்டில் பாலக்கோட்டில் கஞ்சி ஊற்றினார் என்றால் ஊரையும் ஆண்டையும் சேர்த்து அதையே சொல்லுங்கள். 'அருட்கடல்' என்பதைவிட அது ஆழமாக இறங்கும். அஞ்சலி செலுத்துவோரின் படம் அவர் படத்தைவிடப் பெரிதாவது பெரும்பிழை.

மடத்தில் ஆண்டு நினைவு குருபூசை. மாதமும் நட்சத்திரமும் அல்லது திதியும் பார்த்துச் செய்வதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பதாகை அடிக்குமுன் மடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அது வழிபாட்டு நாள், 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பு அதற்கு ஒவ்வாது.