உங்கள் சர்வரில் மெயில் அனுப்ப யாருக்கெல்லாம் அனுமதி?

கார்த்திகை பிறந்து சபரிமலை சீசன் தொடங்கிவிட்டால் கன்னியாகுமரி லாட்ஜ்களில் ரூம் கிடைப்பது கஷ்டம். நாகர்கோவிலில் இருந்து சிறு வியாபாரிகளின் சர்வர்களைக் கவனிக்கும் எனக்கு அந்த நேரம் பார்த்துத்தான் போன் வரும்: "தம்பி, புக்கிங் மெயில் ஒண்ணும் போய்ச் சேரலியாம், பார்ட்டி திட்டுறான்." உள்ளே போய்ப் பார்த்தால் மெயில் வரிசையில் ஆயிரக்கணக்கான லாட்டரி, கடன் விளம்பரங்கள் தேங்கிக் கிடக்கும். "நாங்க ஒண்ணும் அனுப்பலியே" என்பார் அண்ணாச்சி. உண்மைதான். அனுப்பியது அவருடைய வெப்சைட்.

வெப்சைட்டில் கூடுதல் வசதிக்காகச் சேர்த்த பழைய ப்ளகின் ஒன்றின் ஓட்டை வழியாக எவனோ ஒரு பிஎச்பி (வெப்சைட் நிரல்) ஃபைலைப் போட்டுவிட்டான். அதற்கப்புறம் மெயில் பாஸ்வேர்டே வேண்டாம். ஏனென்றால், சர்வரில் மெயிலைக் கையாளும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் வழக்கமாக அந்த மெஷினில் உள்ள எல்லா யூசரிடமிருந்தும் சென்ட்மெயில் கமாண்ட் மூலம் மெயில் வாங்கிக்கொள்ளும். வெப்சைட்டை ஓட்டும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'வும் அதன் கணக்கில் ஒரு யூசர்தான். டெபியன், உபுண்டு லினக்ஸில் அதன் யூசர் எண் (யூஐடி) 33. மெயில் லாகில் (பதிவேட்டில்) 'பிக்கப்' என்ற பெயர் உள்ள வரிகளில் 'யூஐடி=33' வரிசையாக வந்தால் திருடன் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இதற்கு போஸ்ட்ஃபிக்ஸில் 'ஆதரைஸ்டு சப்மிட் யூசர்ஸ்' என்று ஒரு செட்டிங் உண்டு. வெப் யூசரின் பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி (தடை என்று அர்த்தம்) போட்டு, மற்ற எல்லோருக்கும் அனுமதி என்று எழுதலாம். எனக்குப் பிடித்தது அனுமதி உள்ளவர்களை மட்டும் எழுதுவது. அப்படிச் செய்தால் முழு அதிகாரம் உள்ள 'ரூட்' யூசரின் பெயரையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ராத்திரி பேக்கப் தோல்வியடைந்தாலும் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் அனுப்பும் மெயில் உங்களுக்கு வராது.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது வாசலைப் பூட்டிவிட்டு கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை. இந்த செட்டிங் சென்ட்மெயில் கமாண்டை மட்டும்தான் தடுக்கும். அதே பிஎச்பி ஃபைல் அதே மெஷினைக் குறிக்கும் 127.0.0.1 முகவரியில், மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் 25-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசலில்) எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) பேசினால், 'நம்ம வீட்டு ஆள்' என்று போஸ்ட்ஃபிக்ஸ் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். இல்லை, வெளியே உள்ள மெயில் சர்வரோடு நேரடியாகவே பேசிவிடும். அதனால் 25-ஆம் போர்ட்டுக்குப் போகும் இணைப்புகளை 'போஸ்ட்ஃபிக்ஸ்' யூசருக்கு மட்டும் விட்டு, மற்றவர்களை ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில், எந்த யூசர் என்று பார்க்கும் 'ஓனர்' விதியால் மறித்துவிட வேண்டும்.

சரி, புக்கிங் மெயில் எப்படிப் போகும்? அதற்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, 587-ஆம் போர்ட்டில் பாஸ்வேர்ட் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பாஸ்வேர்ட் வெப்சைட் ஃபைலில்தானே இருக்கும், அவன் அதையும் எடுத்துவிடுவானே என்று கேட்பீர்கள். எடுக்கலாம். ஆனால் எந்தக் கணக்கு என்று லாகில் பெயரோடு பதிவாகும். அதை மட்டும் முடக்கினால் மேனேஜரின் மெயில் நிற்காது. அனுப்புநர் முகவரி அந்தக் கணக்குக்கு உரியதா என்று சரிபார்க்கும் விதியையும் போட்டுவிட்டால் மேனேஜர் முகவரியிலிருந்து அனுப்புவதாக சர்வரிடம் சொல்லவும் முடியாது.

வரிசையில் கிடக்கும் குப்பையை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். முதலில் ஒன்றிரண்டை 'போஸ்ட்கேட்' கமாண்டால் திறந்து பாருங்கள். மெயிலை அனுப்பிய ஃபைலின் பெயரைச் சேர்க்கும் வசதியை பிஎச்பியில் போட்டிருந்தால், அந்தப் பெயரே ஹெடரில் (மெயிலின் தலைப்பு வரிகளில்) இருக்கும். அந்த ஃபைலையும் அது நுழைந்த ஓட்டையையும் சரிசெய்த பிறகு ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் ப்ளாக்லிஸ்டில் இருந்து உங்கள் சர்வரின் ஐபி முகவரியை நீக்கக் கேளுங்கள். ஓட்டை இருக்கும்போதே கேட்டால், இரண்டு நாளில் திரும்பப் பட்டியலில் ஏறிவிடும்.