பழைய லாரியின் பம்ப் டைமிங்: சொட்டு நிற்கும் இடம்

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது காற்று பதினேழில் ஒரு பங்காக நெருக்கப்பட்டு 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும். அந்தக் காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். எப்போது பற்ற வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல ஆள் இல்லாததால், எப்போது பீய்ச்சுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இன்றைய பிஎஸ்-6 லாரிகளில் அதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்கிறது. 697 என்ஜின் போட்ட பழைய டாடா லாரிகளில் அந்த முடிவு, டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பைப் பிடித்திருக்கும் சில போல்ட்டுகளில் இருக்கிறது.

ஆறு சிலிண்டருக்கு ஆறு எலிமென்ட்டுகள் வரிசையாக நிற்கும் இந்தப் பம்ப்பை ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. நம் ஊரில் இதை மைக்கோ பம்ப் என்றே சொல்வார்கள். பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம்தான் இங்கே பெரும்பாலான லாரிகளுக்குப் பம்ப் செய்து கொடுத்தது.

ஒரு எலிமென்ட் என்பது ஒரு பேரல், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பிளஞ்சர், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அதனால்தான் ஒரு பேரலின் பிளஞ்சரை இன்னொன்றில் மாற்றிப் போடக்கூடாது. பேரலின் பக்கத்தில் உள்ள துளை வழியாக டீசல் உள்ளே வரும். கேம் (சுழலும் தண்டிலுள்ள மேடு) தள்ள, பிளஞ்சர் ஏறி அந்தத் துளையை மூடும். அந்த நொடியில் மேலே சிக்கிய டீசலுக்குப் பைப்பைத் தவிர வேறு வழி கிடையாது. அழுத்தம் ஏறி 200 பாரை நெருங்கியதும் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) திறக்கிறது. பிளஞ்சரின் பக்கவாட்டில் சாய்வாக வெட்டிய ஒரு விளிம்பு உண்டு. அது துளைக்கு நேராக வந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கி, பீய்ச்சல் நின்றுவிடும்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ராக் (பம்ப்பிலுள்ள நீளக் கம்பி) நகர்ந்து பிளஞ்சரைத் திருப்பும். சாய்வு விளிம்பு துளையைச் சந்திக்கும் இடம் தள்ளிப்போகும், டீசல் கூடுதலாகப் போகும். ஆனால் ஆரம்பம் மட்டும் நகராது. காலி வண்டியாக இருந்தாலும் மேட்டில் லோடோடு ஏறினாலும் துளை மூடும் இடம் ஒன்றுதான். டைமிங் வைப்பது என்றால் துளை மூடும் அந்த இடத்தை என்ஜினின் சுழற்சியோடு பொருத்துவது.

அப்படியானால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது துளை மூடினால் போதாதா? போதாது. 1,500 ஆர்பிஎம்மில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரு மில்லிசெகண்டில் 9 டிகிரி சுற்றிவிடும். பம்ப்பில் எழும் அழுத்தம் பைப் வழியாக விநாடிக்குச் சுமார் 1,300 மீட்டர் வேகத்தில்தான் நாசிலைப் போய்ச் சேரும். பைப் 60 சென்டிமீட்டர் என்றால் அதற்குள் கிராங்க் நான்கு டிகிரி போயிருக்கும். ஆறு பைப்பும் ஒரே நீளத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். பக்கத்திலிருக்கும் சிலிண்டருக்குப் போகும் பைப்பை வேண்டுமென்றே கூடுதலாக வளைத்திருப்பார்கள். அதை வெட்டிச் சுருக்கி வெல்டு வைத்து ஓட்டுவது அந்த ஒரு சிலிண்டரின் டைமிங்கை மட்டும் மாற்றிவிடும்.

அப்புறம், உள்ளே போன டீசலும் உடனே பற்றாது. துளிகளாகச் சிதறி, ஆவியாகி, காற்றோடு கலந்து பற்றுவதற்கு ஏறக்குறைய இன்னொரு மில்லிசெகண்ட். அது 9 டிகிரி. ஆகத் துளை உச்சிக்கு 18 டிகிரி முன்னால் மூடினால், உச்சிக்கு 14 டிகிரி இருக்கும்போது பீய்ச்சல் தொடங்கி, 5 டிகிரி இருக்கும்போது தீப்பிடிக்கும். உச்சியைத் தாண்டிப் பத்துப் பதினைந்து டிகிரியில் அழுத்தம் முழு அளவை எட்டும். பிஸ்டனைக் கீழே தள்ள அதுதான் நல்ல இடம். பழைய என்ஜின்களுக்கு 15 முதல் 25 டிகிரிக்குள் அளவு கொடுத்திருப்பதன் கணக்கு இதுதான். வேகம் கூடினால் இதே தாமதம் அதிக டிகிரிகளைத் தின்னும் என்பதால், பல பம்ப்புகளில் எடைகள் விரிந்து டைமிங்கைத் தானாக முன்னே தள்ளும் அமைப்பும் உண்டு.

இனி ஒர்க்‌ஷாப்பில் செய்வது. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்க வேண்டும். ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூட ஒன்று திறக்க ஆடினால், முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கிறது. முதல் எலிமென்ட்டின் மேலே, டீசலைப் பைப்புக்கு விடும் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, ஹோல்டரை மட்டும் திரும்ப மாட்டி, அதில் வளைந்த ஒரு சின்னக் குழாயைப் போடுவார்கள். ராக்கை முழு டீசல் பக்கம் வைத்துக் கைப்பம்ப்பை அடித்தால் குழாயிலிருந்து டீசல் கம்பியாக ஊற்றும். என்ஜினை அது ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்பத் திருப்ப, ஊற்று மெலிந்து, சொட்டாகி, ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில விநாடிகள் இடைவெளி விழும். துளை மூடுகிற இடம் அது. ஃப்ளைவீலில் (கிராங்கின் முனையிலுள்ள கனமான சக்கரத்தில்) குறி அப்போது சரியான டிகிரியில் நிற்க வேண்டும். தாண்டிவிட்டால் கொஞ்சமாகப் பின்னால் திருப்பிச் சரிசெய்யக்கூடாது. கியர் பல்லின் ஆட்டம் அளவைக் கெடுக்கும். நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வர வேண்டும்.

குறி தள்ளி நின்றால் போல்ட்டைத் தளர்த்திப் பம்ப்பையோ அதை என்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கையோ நகர்த்த வேண்டும். பம்ப்பின் உடலை அதன் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முந்தும். இங்கே கை நிதானம் முக்கியம். பம்ப் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பம்ப்பில் ஒரு டிகிரி கிராங்கில் இரண்டு. போல்ட் ஷாஃப்ட் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டரில் இருந்தால், ஒரு மில்லிமீட்டர் நகர்த்தலே கிராங்கில் இரண்டு டிகிரியைத் தாண்டிவிடும்.

'பிக்கப்' வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் முந்த வைக்கச் சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. என் கருத்தில் அது என்ஜினுக்குச் செய்யும் கெடுதல். பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்து, தடதடவென்று தட்டும். ஹெட் கேஸ்கெட்டும் பேரிங்கும் அதைத் தாங்கியாக வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு புகையும் கூடும். பிந்தினால் இழுவை குறையும், சைலன்சர் சூடேறும், கரும்புகை வரும், காலையில் வெள்ளைப்புகை விடும்.

ஆனால் கரும்புகை என்றதும் பம்ப்பைத் தொடக்கூடாது. ஏர் ஃபில்டர் அடைத்தாலும், நாசில் ஒழுகினாலும் அதே புகைதான். கேம், அது பிளஞ்சரைத் தள்ளும் டேப்பெட், கியர் தேய்ந்தால் டைமிங் பிந்தும். நாசில் ஸ்பிரிங் தளர்ந்தால் பீய்ச்சல் முந்தும். இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும். எனவே முதலில் நாசில்களைக் கழற்றி அழுத்தம் பார்த்து, அப்புறம்தான் டைமிங். போல்ட்டை இறுக்கும்போதே பம்ப் சற்று நகர்வதும் உண்டு. அதனால் இறுக்கியபின் என்ஜினை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி, சொட்டை மறுபடி பார்த்துவிட்டுத்தான் டெலிவரி வால்வைப் போட வேண்டும்.